ஒன்று இரண்டாகத் தெரிந்தால்



குருதிச்சோகையைப் பற்றி இம்மாதமும் தொடர்ந்து எழுதுவதாக இருந்தேன். அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். காரணம், வன்னியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு விடயத்தை மட்டும் தருகிறேன்.

"2009இல் என் தங்கைக்குத் தலையில் அடிபட்டது. காயம் ஆறிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து தலையை ஒரு பக்கம் சரித்துத்தான் பார்க்கிறாள். படியால் இறங்கும்போது படி இரண்டாகத் தெரிகிறதாம். கண்ணாடிக் கடையில் இரண்டு தரம் கண்ணாடி மாற்றிவிட்டோம். அம்மா பார்வை பார்ப்பித்து நூலும் கட்டினா. தையல் நிலையத்தில் ஊசிக்கு நூல் கோர்க்கக் கஷ்டப்படுகிறாள். சோம்பேறி என்று பெயர் எடுத்துவிட்டாள். வாக்குக்கண் என்று சொல்லி ஒரு சம்பந்தமும் தட்டுப்பட்டுப் போனது. கண்ணில் பழுதில்லை என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். அப்படியென்றால் இது என்ன வருத்தம்?"

கண்ணில் பழுதில்லை என்று சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் அதோடு கதை முடியவில்லை. கண் பார்ப்பதற்கு உரியது. அந்தக் கண்ணை இடமும் வலமும் மேலும் கீழும் திருப்புகிற வேலை இன்னோர் இடத்தில் நடக்கிறது. நான் மருத்துவர் அல்ல. முப்பது வருடத்துக்கு மேல் வார்ட்டுகளில் தாதியாக நின்றவள். அங்கே கண்டதையும் படித்ததையும் வைத்து, எங்கள் பெண்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஒவ்வொரு கண்ணையும் ஆறு சிறிய தசைகள் பிடித்திருக்கின்றன. இரண்டு கண்ணுக்கும் பன்னிரண்டு. மூளையிலிருந்து நேரே புறப்படும் 12 சோடி நரம்புகளில் மூன்று சோடி இந்தத் தசைகளை இயக்குகின்றன. அவை மூன்றாவது, நான்காவது, ஆறாவது நரம்புகள். மூன்றாவது நரம்புக்கு வேலை அதிகம். நான்கு தசைகளை இழுப்பதோடு மேலிமையைத் தூக்குவதும் கண்மணியைச் சுருக்குவதும் அதுதான். மற்ற இரண்டுக்கும் கண்ணுக்கு ஒவ்வொரு தசைதான் பொறுப்பு.

இந்த நரம்புகள் எல்லாம் தொடங்கும் இடம் மூளைத்தண்டு. பெரிய மூளைக்குக் கீழே, பிடரிக்கு உட்பக்கமாக, பெருவிரல் தடிப்பில் ஒரு தண்டு. மேலே நடுமூளை, இடையில் பாலம், கீழே நீள்வளைய மையவிழையம். ஓ.எல். படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் படம் கீறிக் காட்டும். மூச்சு விடுவதும், விழுங்குவதும், விழித்திருப்பதும்கூட இந்தத் தண்டை நம்பித்தான். கண்ணைப் பக்கவாட்டில் திருப்பும் மையம் பாலத்தில் இருக்கிறது. மேலும் கீழும் திருப்பும் மையம் நடுமூளையில் இருக்கிறது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் சொல்லப்போகும் விடயத்துக்கு அது வேண்டும்.

இரட்டை மாட்டு வண்டிலை நினைத்துப் பாருங்கள். இரண்டு மாடும் நல்ல மாடுதான். ஆனால் நாணயக்கயிறு இரண்டும் ஒரே கையில் இருந்தால்தான் இரண்டும் ஒரு திசைக்குத் திரும்பும். ஒரு கயிறு அறுந்தால் ஒன்று கிழக்கே இழுக்க மற்றது நின்ற இடத்திலேயே நிற்கும். கண்ணுக்கும் அதுதான் நடக்கிறது. இரண்டு கண்ணும் ஒரே பொருளை நோக்காவிட்டால் மூளைக்கு இரண்டு படங்கள் போய்ச் சேரும். அதுவே இரட்டைப் பார்வை.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். எதிரே ஒரு மரத்தையோ கதவு நிலையையோ பார்த்துக்கொண்டு ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடுங்கள். பிறகு அதைத் திறந்து மற்றதை மூடுங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் இரண்டு ஒன்றாகிவிடுகிறது என்றால், இரண்டு கண்களும் ஒத்துப் போகவில்லை என்று அர்த்தம். தசையிலோ, நரம்பிலோ, மூளைத்தண்டிலோ பிழை இருக்கலாம். ஒரு கண்ணை மூடிய பிறகும் மற்றக் கண்ணுக்கு இரண்டாகவே தெரிந்தால், பெரும்பாலும் அந்தக் கண்ணில்தான் குறை. கண்புரையாக இருக்கலாம், கண்ணாடி இலக்கம் பொருந்தாமல் இருக்கலாம். கிளினிக்கில் "இரண்டாகத் தெரியுது" என்று மட்டும் சொல்லாமல் இந்தச் சோதனையின் பதிலையும் சேர்த்துச் சொல்லுங்கள். மருத்துவருக்கு அது பாதி வழியைக் காட்டிவிடும்.

இப்போது கடிதத்துக்கு வருகிறேன். தலையில் அடிபட்டவர்களில் அடிக்கடி பாதிக்கப்படுவது நான்காவது நரம்பு. மூளையின் 12 சோடிகளில் மிக மெல்லியது அது. மற்றவை மூளைத்தண்டின் முன்புறமாகவோ பக்கமாகவோ வெளிவரும்போது இது மட்டும் முதுகுப்புறமாக வெளிவந்து, எதிர்ப்பக்கம் கடந்து, நீண்ட தூரம் சுற்றிவந்து கண்ணை அடைகிறது. தலை பலமாகக் குலுங்கும்போது அது புறப்படும் இடத்திலேயே நசிபடும். சில வேளைகளில் இரு பக்கமும் ஒன்றாகப் பாதிக்கப்படும். வெளியில் ஒரு கீறல்கூட இல்லாமலும் இது நடக்கலாம். செல் விழுந்த அதிர்ச்சியில் தூக்கி எறியப்பட்டவர்கள், பங்கருக்குள் மண் சரிந்து தலையில் விழுந்தவர்கள், பிறகு மோட்டார் சைக்கிளால் விழுந்தவர்கள் என்று எங்களிடையே தலையில் அடிபட்டவர்கள் எத்தனை பேர்!

நான்காவது நரம்பு இயக்கும் தசைக்கு, கண்ணை உள்ளும் கீழுமாகத் திருப்புவதுதான் முக்கிய வேலை. ஆகவே நேரே பார்க்கும்போது பெரிய தொல்லை இராது. கீழே பார்த்தால்தான் தொல்லை. படியிறங்க, வரம்பில் நடக்க, அரிசி பிடைக்க, ஊசிக்கு நூல் கோர்க்க, கிணற்றுக்குள் வாளி விட, எல்லாவற்றுக்கும் கீழேதான் பார்க்க வேண்டும். ஒரு பெண்ணின் ஒரு நாள் வேலையில் முக்கால்வாசி கீழ்ப்பார்வையில்தான் நடக்கிறது! ஒன்றன்மேல் ஒன்றாக, சற்றுச் சரிவாக இரண்டு தெரியும். தலையைப் பழுதான கண்ணுக்கு எதிர்ப்பக்கம் சரித்தால் இரண்டும் ஒன்றாகும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே உடம்பு அதைக் கண்டுபிடித்துப் பழகிவிடும். அந்தச் சரிவைப் பார்த்துத்தான் ஊரார் பல கதையும் கட்டுவார்கள்.

கடிதத்தை வைத்து இதுதான் நோய் என்று முடிவுகட்ட என்னால் இயலாது. கண் கிளினிக்கில் இரட்டைப் பார்வை என்று தெளிவாகச் சொல்லி, கண் அசைவைப் பரிசோதிக்கும்படி கேளுங்கள். அடிபடுவதற்கு முன்பு எடுத்த படம் ஏதாவது மிஞ்சியிருந்தால் கொண்டுபோங்கள். அடையாள அட்டைப் படம், பாடசாலைப் படம், சொந்தக்காரர் கலியாண அல்பத்தில் இருக்கும் படம் எதுவானாலும் சரி. தலை முன்பும் சரிந்திருந்ததா, இது பிறவியில் வந்ததா, இடையில் வந்ததா என்பதை மருத்துவர் அதில் பார்ப்பார். டயக்னோசிஸ் காட் இடப்பெயர்வில் தொலைந்து போனவர்கள், அடிபட்ட வருடம், எவ்வளவு நேரம் மயங்கிக் கிடந்தார், எங்கே சிகிச்சை பெற்றார் என்ற விபரங்களை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் போதும்.

அடிபட்ட பின் முதல் ஆறு மாதத்துக்குள் பலருக்கு இது தானாகவே குறைந்துவிடும். அதனால்தான் மருத்துவர்கள் அவசரப்படாமல் பொறுத்திருப்பார்கள். அதற்குப் பிறகும் நின்றுவிட்டால், அரியம் பொருத்திய கண்ணாடி உண்டு. அது ஒளியை வளைத்து இரண்டு படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுத்தும். சாதாரணக் கடைக் கண்ணாடியை எத்தனை தரம் மாற்றினாலும் இந்தப் பலன் வராது. விலகல் பெரிதாக இருந்தால் கண் தசையில் சத்திரசிகிச்சை செய்யலாம். வருடக்கணக்கில் தாமதித்துவிட்டோமே என்று விட்டுவிட வேண்டாம். பழைய பாதிப்புக்கும் இது செய்யலாம்.

கிளினிக் திகதி வரும்வரை ஒரு கைமருந்து இருக்கிறது. கண்ணாடியின் ஒரு பக்கத்தில் உட்புறமாகச் செலோடேப் ஒட்டி மங்கலாக்குங்கள். கண்ணாடி இல்லாதவர் ஒரு கண்ணைத் துணியால் மூடிக் கட்டலாம். வளர்ந்தவர்களுக்கு இதனால் கண் பழுதாகாது. (சிறு பிள்ளைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் கண்ணை மூடிக் கட்ட வேண்டாம். அவர்களுக்குப் பார்வையே மந்தமாகிவிடும்.) ஒரு கண்ணை மூடினால் தூரம் மதிப்பிடுவது கடினம். அடுப்படியிலும் கிணற்றடியிலும் கவனம் தேவை. படியின் விளிம்புகளில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசிவிடுங்கள்.

இன்னொரு முக்கிய விடயம். ஸ்கான் எழுதித் தந்தால் அது சி.ரி. ஸ்கானா எம்.ஆர்.ஐ. ஸ்கானா என்று கேளுங்கள். எம்.ஆர்.ஐ. ஒரு பலமான காந்தம். உடம்பில், விசேடமாகத் தலையிலோ கண்ணிலோ செல்துண்டு இருப்பவர்கள் அதை முன்கூட்டியே கட்டாயம் சொல்ல வேண்டும். துண்டு அசைந்தால் ஆபத்து. "அது பழைய காயம், இப்ப நோவில்லை" என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நோகாவிட்டாலும் சொல்லுங்கள். பல வேளைகளில் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் தீர்மானிப்பார்கள். சி.ரி. ஸ்கானில் இந்தப் பயம் இல்லை.

இதுவரை சொன்னது மெதுவாகக் கிளினிக் போகக்கூடிய நோய். திடீரென்று வரும் இரட்டைப் பார்வை அப்படியல்ல. காலையில் நன்றாக இருந்த ஒருவருக்கு மத்தியானம் ஒன்று இரண்டாகத் தெரிகிறது, தலை சுற்றுகிறது, நடை தள்ளாடுகிறது, நாக்குக் குளறுகிறது, விழுங்கப் புரைக்கிறது, முகமோ கை காலோ விறைக்கிறது என்றால், மூளைத்தண்டுக்குப் போகும் குருதிக்குழாய் அடைத்திருக்கலாம். பாரிசவாதம் என்றால் ஒரு கையும் காலும் இழுப்பதுதான் என்று எல்லோரும் நினைக்கிறோம். மூளைத்தண்டில் வரும் பாரிசவாதம் சில வேளைகளில் கண்ணில்தான் முதலில் தெரியும். ஒரு கண் மூக்குப் பக்கம் வராது. அல்லது இரண்டு கண்களுமே ஒரு பக்கம் போக மறுக்கும். அல்லது மேலே பார்க்க முடியாது. கருவிழி ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டிருக்கும். அதை விழிநடுக்கம் என்பார்கள்.

அப்போது கண்ணாடிக் கடைக்குப் போகக் கூடாது. பித்தம் என்று தேசிக்காய் கரைத்துக் குடிக்கக் கொடுக்கவும் கூடாது. விழுங்கும் தசையும் பாதிக்கப்பட்டிருந்தால் அது நெஞ்சுக்குள் போய்விடும். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பெரும்பாலும் நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆகவே கடைசியாக அவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள். உயர் குருதி அமுக்கமும் நீரிழிவும் உள்ளவர்கள் மருந்தை இடையில் விட்டால் இந்த ஆபத்து கூடும். இமை விழுந்து, அந்தக் கண்மணி விரிந்து, தாங்க முடியாத தலையிடியும் சேர்ந்தால், அதுவும் அதே வேகத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வருத்தம். தலைக்குள் குருதிக்குழாய் ஒன்று வீங்கி மூன்றாவது நரம்பை அழுத்திக்கொண்டிருக்கக்கூடும்.

கண் அசையாமல் போவதெல்லாம் மூளைத்தண்டால் வருவதுமில்லை. எங்கள் பக்கத்தில் நிலத்தில் பாய் விரித்துப் படுக்கிறோம். அதிகாலையில் வயிற்று வலியோடு எழும்பும் ஒருவரின் இரண்டு இமைகளும் சரிந்து, கண் அசையாமல், பேச்சுக் குழறினால், கட்டுவிரியன் கடித்திருக்கிறதா என்று பாருங்கள். அது கடித்த இடம் வீங்காது, நோகாது, தடமும் தெரியாமல் இருக்கும். அந்த நஞ்சு நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தைக் கட்டிவிடுகிறது. மூச்சையும் அப்படியே கட்டும். ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

அடுத்தது, பசியும் வாந்தியும் மூளைத்தண்டைத் தாக்கும் விதம். பெண்களாகிய எங்களுக்கு இது மிக நெருக்கமானது.

1881இல் ஜேர்மன் மருத்துவர் கார்ல் வேர்னிக்கே மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார். இருவர் குடிப்பழக்கம் உள்ள ஆண்கள். மூன்றாமவர் தையல் வேலை செய்த 20 வயதுப் பெண். சல்பூரிக் அமிலம் குடித்ததில் இரைப்பையின் வழி சுருங்கி, சாப்பிட்டதெல்லாம் ஓயாத வாந்தியாகப் போனது. சில கிழமைகளில் கண் அசைவு கெட்டு, நடை தள்ளாடி, நினைவு மங்கி இறந்துபோனாள். மூவரின் மூளையையும் வெட்டிப் பார்த்தபோது உட்பகுதியிலும் மூளைத்தண்டிலும் ஊசிமுனை போன்ற இரத்தக்கசிவுகள் இருந்தன. ஏன் என்று அவருக்குத் தெரியாது. விற்றமின் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை.

காரணத்தை ஒரு போர் நன்றாகக் காட்டிக்கொடுத்தது. 1942இல் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தபோது பல்லாயிரம் படையினர் சிறைப்பட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு. கிழமைகள் போக, பசி கெட்டு, வாந்தி எடுத்து, கருவிழி ஆடத் தொடங்கியது. பிறகு ஒன்று இரண்டாகத் தெரிந்தது. கைதிகளாகவே இருந்த மருத்துவர்கள் டி வார்டனரும் லெனொக்ஸும் இப்படி 52 பேரைக் கவனித்து 1947இல் எழுதி வெளியிட்டார்கள். குறைந்திருந்தது தயமின் என்ற விற்றமின் பி1. அரிசியின் தவிட்டில் நிறைய இருந்து, மில்லில் தீட்டும்போது போய்விடுவது. அதைக் கொடுத்தபோது கண் திரும்பியது.

உடம்பில் தயமின் சேமிப்பு இரண்டு மூன்று கிழமைக்கு மேல் தாங்காது. கர்ப்பிணிக்கு வாந்தி இருப்பது வழமைதான் என்று நாங்கள் சொல்லிவிடுகிறோம். ஆனால் இரண்டு மூன்று கிழமையாக எதுவும் வயிற்றில் தங்காமல், மெலிந்துகொண்டு போகும் ஒரு கர்ப்பிணி, "எல்லாம் இரண்டாத் தெரியுது", "எழுத்து ஆடுது" என்று சொன்னாலோ, நடக்கும்போது சுவரைப் பிடித்தாலோ, பேச்சில் தடுமாறினாலோ, மருத்துவமாது வரும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சேலைன் ஏற்றும் முன், எத்தனை நாளாக வாந்தி என்பதையும் கண்ணில் கண்ட மாற்றத்தையும் சொல்லுங்கள். குளுக்கோஸ் சேலைனை மட்டும் ஏற்றினால் மிச்சமிருக்கும் தயமினும் செலவாகி நிலைமை மோசமாகலாம். அதனால் தயமின் ஊசியை முன்பாகவோ அதோடு சேர்த்தோ போடுவார்கள். நேரத்தோடு போட்டால் கண் அசைவு சில மணித்தியாலங்களிலோ சில நாட்களிலோ சரிவரத் தொடங்கும். பிந்தினால் கண் தேறினாலும் ஞாபகசக்தி தேறாமல் போகலாம். விலை மலிந்த ஊசி இது.

கசிப்புக் குடிக்கும் கணவன்மாருக்கும் இதே ஆபத்து. சாப்பிடாமல் குடிப்பவருக்கு இன்னும் கூடுதல். தள்ளாட்டம் வெறியால் வந்ததா நோயால் வந்ததா என்று மனைவிக்குச் சந்தேகம் வரும். குடிக்காத நேரத்திலும் தள்ளாடினால், கண் ஒரு பக்கம் போகாவிட்டால், கருவிழி ஆடினால், அது வெறியல்ல. அவரோடு உங்களுக்கு ஆயிரம் கோபம் இருக்கலாம். எனக்கும் இப்படியான ஆண்களில் அனுதாபம் குறைவு. ஆனாலும் ஞாபகம் அழிந்த ஒரு மனிதனை வருடக்கணக்கில் பராமரிக்கப்போவதும் நீங்கள்தானே. கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, எங்கள் ஆச்சிமார் நெல்லை அவித்துக் குத்தியது வீண்போகவில்லை. அவிக்கும்போது தவிட்டின் சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடும். புழுங்கலரிசியும் தவிடு போகாத சிவப்பரிசியும் நிவாரணத்தில் வந்த வெள்ளைப் பச்சையரிசியைவிடச் சத்தானவை என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அரிசியை ஐந்தாறு தரம் களைந்து ஊற்றினால் அந்தச் சத்தும் தண்ணீரோடு போகும். பயறு, கௌபி, உழுந்து, கச்சான் எல்லாவற்றிலும் தயமின் உண்டு.

மூளைத்தண்டின் நடுப்பகுதி பாலம் என்றேன். அதன் முன்பக்கம் முழுவதும் பாரிசவாதத்தால் அழிந்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். பெரிய மூளையிலிருந்து கை, கால், முகம், நாக்கு எல்லாவற்றுக்கும் போகும் நரம்பு வழி அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். எல்லாம் அறுந்துவிடும். கண்ணின் பக்கவாட்டு அசைவும் போய்விடும். ஆனால் அதற்கு மேலேயுள்ள நடுமூளையில் பழுதில்லை. அங்கேதான் மேல் கீழ் அசைவு இருக்கிறது என்று முன்பு சொன்னேன். இமையைத் தூக்குவதும் அங்கிருந்துதான். ஆகவே ஒரு மரக்கட்டைபோல் கிடக்கும் அந்த மனிதருக்கு மிஞ்சுவது கண்ணை மேலும் கீழும் உருட்டுவதும் இமையைத் திறந்து மூடுவதும்தான். பெரிய மூளை முழுதாக வேலை செய்கிறது. கேட்கிறது, விளங்குகிறது, நோகிறது. வெளியே சொல்ல வழியில்லை. 1966இல் பிளம், போஸ்னர் என்ற மருத்துவர்கள் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் பூட்டுண்ட நிலை எனலாம்.

நான் வேலை செய்த ஒரு வார்ட்டில் இப்படி ஓர் அம்மா இருந்தார். எத்தனையோ நாட்களாக மயக்கம் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று சொந்தக்காரர் காணி பிரிப்பதைப் பேசினார்கள். செத்தவீட்டுச் செலவைக்கூடப் பேசினார்கள். அவரின் மகள் மட்டும், வரும்போதெல்லாம் வீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டே கை காலைத் துடைத்துவிடுவாள். ஒருநாள் மாடு கன்று போட்டதைச் சொன்னபோது அம்மாவின் கண் மேலே போனது. அவள் குனிந்து, "அம்மா, நான் கதைக்கிறது கேக்குதே? கேக்குதெண்டா இன்னொருக்கா மேல பாருங்கோ" என்றாள். கண் மேலே போனது. "நாம்பனோ நாகோ எண்டு கேட்கிறியளோ?" என்றாள். மறுபடியும் மேலே போனது. அதற்குப் பிறகு அந்த வார்ட்டில் அவரின் கட்டிலடியில் யாரும் வாய்க்கு வந்தபடி பேசவில்லை.

முதலில் கண்டுபிடிப்பது வீட்டுக்காரராக இருப்பது அபூர்வமில்லை. இந்த நிலையில் இருந்த 44 பேரைப் பற்றி 2002இல் வெளியான ஓர் ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்களின் விழிப்பை முதலில் உணர்ந்தது குடும்பத்தவர்தான். மருத்துவர் முதலில் உணர்ந்தது நாலிலொரு பங்குக்கும் குறைவு. நோய் இன்னதென்று தெரியவே சராசரியாக இரண்டரை மாதம் பிடித்திருக்கிறது.

பிரான்சில் 'எல்' என்ற பெண்கள் சஞ்சிகையின் ஆசிரியராக இருந்தவர் ஷான் டொமினிக் போபி. 1995 டிசெம்பரில், 43 வயதில் அவருக்கு இது வந்தது. இடது இமை மட்டும் மிஞ்சியது. உதவியாளர் எழுத்துக்களை ஒவ்வொன்றாக வாசிப்பார். தனக்கு வேண்டிய எழுத்து வரும்போது அவர் இமைப்பார். அப்படியே ஒரு புத்தகம் முழுவதையும் சொல்லி எழுதுவித்தார். 1997 மார்ச்சில் அது வெளிவந்து சில நாட்களில் இறந்தார்.

புத்தகம் வேண்டாம், தாகம் என்றும் புரட்டிப் படுக்க வை என்றும் சொல்ல முடிந்தால் எங்கள் வீட்டுக்குப் பெரிய காரியம். எப்படிக் கேட்பது என்று சொல்கிறேன். முகத்துக்கு நேரே, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நில்லுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "கேட்குதெண்டா மேலே பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் பத்து எண்ணும்வரை பொறுங்கள். களைத்த மூளைக்கு நேரம் வேண்டும். ஒரு தரம் நடந்தால் தற்செயலாக இருக்கலாம். ஆகவே மாறிமாறிக் கேளுங்கள். "இது உங்கட மூத்த மகளோ?" என்று சரியானதும் "இண்டைக்குத் தைப்பொங்கலோ?" என்று பிழையானதும் கலந்து கேட்டால் தெரிந்துவிடும். ஆம் என்றால் மேலே, இல்லை என்றால் கீழே. காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் கேளுங்கள். நித்திரைத் தூக்கத்தில் பதில் வராது. பதில் வந்தால் திகதியும் நேரமும் எழுதி வார்ட் மருத்துவரிடம் காட்டி, அவர் முன்னிலையிலும் செய்து காட்டுங்கள். கேட்டுப் பதில் வராதவர்களும் உண்டு. எல்லா மயக்கமும் பூட்டுண்ட நிலையல்ல. ஆனால் கேட்டுப் பார்க்காமல் அதைத் தீர்மானிக்க வேண்டாம்.

பதில் வரத் தொடங்கினால் ஒரு மட்டை செய்யலாம். முதலில் சொற்கள்: நோகுது, தாகம், புரட்டுங்கோ, நுளம்பு, குளிர், சளி எடுங்கோ, மூத்திரம், ஆளைக் கூப்பிடுங்கோ. விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு வாசிக்க, அவர் மேலே பார்க்கும் இடத்தில் நிறுத்துங்கள். எழுத்துத் தெரிந்தவருக்கு இன்னொரு மட்டை. தமிழில் 247 எழுத்தையும் வாசித்து முடிப்பதற்குள் விடிந்துவிடும்! ஒரு வரிசையில் க, ங, ச என்று 18 மெய்யின் உருவத்தையும் கீழே அ முதல் ஔ வரை 12 உயிரையும் எழுதுங்கள். முதலில் மேல் வரிசை, பிறகு கீழ் வரிசை. 'த'வும் 'ஆ'வும் காட்டினால் 'தா'. இரண்டு மூன்று எழுத்திலேயே சொல் என்ன என்று ஊகித்துக் கேட்டுவிடலாம்.

இமை நன்றாக மூடாத கண் காய்ந்து புண்படும். மருத்துவர் தரும் துளியையும் களிம்பையும் விடாமல் போட்டு, நித்திரையின்போது இமையை மூடி பிளாஸ்டர் ஒட்டிவிடுங்கள். சேலைத் தலைப்பால் துடைக்க வேண்டாம். அந்தக் கண்தான் அவரின் வாய். மட்டையைக் கட்டில் தலைமாட்டில் கட்டித் தொங்கவிட்டு, "மேலே பார்த்தால் ஆம், கீழே பார்த்தால் இல்லை" என்று பெரிய எழுத்தில் மேலே எழுதிவிடுங்கள். நீங்கள் இல்லாத நேரம், இரவில் துணைக்கு நிற்க வருபவருக்கும் அது தெரிய வேண்டும்.